கல்லுக்காரர் கண்ணில் கலங்கரை விளக்கம்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் தனியாக ஒரு கல்தூண் நிற்கிறது. வழக்கு விஷயமாகப் போகிற நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் அதை ஏதோ வெள்ளைக்காரத் துரையின் நினைவுத்தூண் என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது சென்னையின் இரண்டாவது கலங்கரை விளக்கம். உயரம் 125 அடி. கிரேக்க டோரிக் தூணின் வடிவம். 1838-ல் வேலை ஆரம்பித்து, 1844 ஜனவரி 1-ஆம் தேதி விளக்கேற்றினார்கள். ஐம்பது வருடம் எரிந்தது.

கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து கணக்குப்படி 85 கிலோமீட்டர் வரைதான் அடிவானம். கடலோ அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிறது. நமக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கல்தான் சம்பந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோபுரத்தில் விளக்கு என்பது உச்சியில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு அடிதான். மிச்சமெல்லாம் கல்லும் சுண்ணாம்பும். பர்கூர், ஜெகதேவி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் குவாரிகளில் பிளாக், அதாவது பெரிய கற்பாளம், எடுக்கிற எவருக்கும் அந்தக் கோபுரத்தின் முக்கால் பங்கு சொல்லாமலே புரியும். அதனால் இங்கே விளக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் கல்லிலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டிடத்தின் மாடியில், தேங்காய் எண்ணெய் ஊற்றிய 12 விளக்குகளை வைத்தார்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட, சரக்கும் ஆட்களும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பிக்கும். கடற்கரைச் சூட்டில் அது பெரிய தொல்லையாக இருந்திருக்காது. நம் குளிர் மேட்டிலிருக்கும் தளியில் மார்கழி மாதம் அதே விளக்கை ஏற்றச் சொன்னால் விளக்குக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

1844 தூணுக்குக் கல் பல்லாவரத்திலிருந்து வந்தது. அதைக் கிரானைட் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள், வியாபாரத்தில் நாமும் அப்படித்தான் சொல்வோம். பாறையியல்படி அது சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜோப் சார்னோக்கின் கல்லறைமேல் இருக்கும் பலகை இந்த வகைக் கல் என்பதால், பாறையியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். கருநீலச் சாயல், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. நம் பக்கத்துச் சாம்பல் கல்லில் ஓடுவது போன்ற பட்டைகள் அதில் அவ்வளவாகத் தெரியாது. தூண் வேலைக்கு அது பெரிய வசதி. எந்தப் பக்கம் உளி வைத்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி உடையும்.

நம் கல்லில் கலங்கரை விளக்கம் கட்டினால் எது தோதுப்படும்? பாரடைசோ என்ற பெயரில் விற்கும் நம் அலைக்கல் வேண்டாம். அந்த ஊதா அலைகளுக்காகத்தான் உலகமே அதை வாங்குகிறது, ஆனால் அலை என்பது பட்டை, பட்டை என்பது பிளக்கும் திசை. பட்டை படுக்கையாக இருக்கும்படி வைத்தால் சுமை தாங்கும். பட்டை செங்குத்தாக, வெளிமுகத்துக்கு இணையாகப் போய்விட்டால் உப்புக் காற்றில் ஏடு ஏடாக உரியும். ஐந்நூறு கல்லிலும் மேஸ்திரி பட்டையின் திசையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தருமபுரி, ஓசூர்ப் பக்கத்துக் கறுப்புக்கல்லோ டோலரைட்; கன மீட்டர் 3 டன். பாறைக்குள் சுவர் மாதிரி இறங்கும் ஒடுங்கிய படிவிலிருந்து வருவதால் பழுதில்லாத பெரிய பிளாக் கிடைப்பது அரிது, விலையும் அப்படி. வேலிக்கு ஊன்றும் கல்கால் எடுக்கிறோமே, அந்தச் சாதாரணச் சாம்பல் கல்தான் என் ஓட்டு. கன மீட்டர் 2.7 டன், கன அடிக்கு 75 கிலோ பக்கம் வரும்.

பாறையிலிருந்து கல்லைப் பிரிக்கும் வேலை அந்தக் காலத்தில் கையாலும் நெருப்பாலும் நடந்தது. பாறையின் மேல்முகத்தில் விறகைக் கோடாக அடுக்கி எரித்து, நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போவார்கள். மேல்தோல் சூடேறி விரியப் பார்க்கும், அடியில் இருப்பது குளிர்ந்தே கிடக்கும். விரிய இடமில்லாத தோல் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு ஏடாகக் கிளம்பும். சம்மட்டியால் தட்டிப் பார்த்தாலே எதுவரை கிளம்பியிருக்கிறது என்று சத்தம் சொல்லிவிடும். கிளம்பின இடம் ‘டொம்’ என்று கேட்கும், ஒட்டியிருக்கும் இடம் ‘கிண்’ என்று கேட்கும். பலகைக்கல்லுக்கு இது அருமையான முறை. கோபுரத்துக்கான கனத்த கல்லுக்கு ஆப்புதான் சரி.

ஆப்பு வைப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். உளியால் 3, 4 அங்குல இடைவெளியில் ஒரே கோட்டில் குழிகள் வெட்டுவார்கள். ஒவ்வொரு குழியிலும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ஆப்பு. முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை ஒரே கனத்தில் ஒரு சுற்று அடி, மறுபடி முதலிலிருந்து இரண்டாம் சுற்று. ஆப்பு இறுக இறுகச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஓரிடத்தில் சட்டென்று சுருதி இறங்கினால் கல் விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அங்கே அடியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பிளவு தானாகவே அடிவரை ஓடிவிடும். பொறுக்காமல் ஒரே ஆப்பை மட்டும் போட்டு அடித்தால் பிளவு கோட்டை விட்டு விலகி மூலையில் போய் முடியும். அந்தக் கல் அதற்கப்புறம் ஜல்லிக்குத்தான்.

இப்போது கம்பி ஓட்டிக் கல்லை அறுக்கும் ஒயர் கட்டிங் வந்து பாதி வித்தையைச் சுலபமாக்கிவிட்டது. ஆனால் ஹேர்லைன் என்கிற மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கும் முறை மட்டும் மாறவில்லை. கல்மேல் தண்ணீர் ஊற்றிக் காயவிடுவது. முகமெல்லாம் உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கருத்து நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. சமையல் மேடைக்குப் போகும் பலகையில் அதைப் பசை போட்டு மூடி விற்றுவிடலாம். கடற்கரைக் கோபுரத்தில் அந்தக் கோட்டுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி, காய்ந்து, உள்ளேயே படிகமாகி, ஒவ்வொரு முறையும் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டும்.

இனிச் செதுக்கு வேலை. தூண் மேலே போகப் போக ஒடுங்குவதால் எந்த இரண்டு வரிசைக்கும் ஒரே அச்சு பொருந்தாது. கணக்குக்காக ஒரு தூணை எடுத்துக்கொள்வோம்: தண்டு 80 அடி, அடியில் ஆரம் 8 அடி, உச்சியில் ஐந்தரை அடி, ஒவ்வொரு வரிசையும் 18 அங்குல உயரம். 53 வரிசை வரும். 30 அங்குல ஒடுக்கத்தை 53-ஆல் வகுத்தால் வரிசைக்கு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். டோரிக் தூண் நேர்கோட்டிலும் ஒடுங்காது. நடுவில் லேசாகப் புடைத்த மாதிரி வளைவு வைப்பார்கள், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து இடுப்பு ஒடுங்கினாற்போலத் தெரியும். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகப் பலகையிலோ துத்தநாகத் தகட்டிலோ அச்சு வெட்ட வேண்டும், கல்லுக்குக் கல் எண் போட வேண்டும்.

டோரிக் தூணுக்கு வழக்கமாக 20 நெடும்பள்ளம். பள்ளமும் பள்ளமும் சேரும் இடம் கத்திமுனை போலக் கூராக நிற்கும். கல் இணைப்பு அந்த முனையில் வந்தால் முனை பெயர்ந்து போகும், அதனால் இணைப்பு பள்ளத்தின் நடுவில்தான் விழ வேண்டும். வரிசைக்கு 10 கல் வைத்துக்கொண்டால் ஒரு கல்லின் அகலம் இரண்டு பள்ளம். அடுத்த வரிசையை ஒரு பள்ளம் நகர்த்தி வைத்தால் இணைப்புக்குமேல் இணைப்பு வராது, இரண்டு வரிசையிலும் இணைப்பு பள்ளத்தின் நடுவிலேயே இருக்கும். கணக்கு எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள். பள்ளங்களை முன்கூட்டியே வெட்டுவதில்லை. அடியிலும் உச்சியிலும் கொஞ்சம் அடையாளம் வைத்து, தண்டு முழுக்க எழுந்த பிறகு சாரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு இறங்குவது கிரேக்கக் கொத்தர்களின் பழைய வழக்கம். தரையிலேயே வெட்டி ஏற்றினால் ஒரு கல் ஒரு நூல் விலகினாலும் 80 அடிக்கும் அந்தக் கோடு நெளிந்து தெரியும்.

சுவர் 3 அடி கனம் என்றால் அடி வரிசையில் ஒரு கல் சுமார் 18 கன அடி, ஒன்றேகால் டன்னுக்கு மேல். இதைத் தூக்க லூயிஸ் என்ற மூன்று துண்டு இரும்பைப் பயன்படுத்தினார்கள். கல்லின் மேல்முகத்தில் வாய் ஒடுங்கி அடி அகன்ற குழி ஒன்று வெட்ட வேண்டும். ஓரத் துண்டுகள் இரண்டையும் முதலில் இறக்கி, நடுத்துண்டைக் கடைசியாகச் செருகி, மேலே ஆணி கோர்த்துவிட்டால் கல் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுகும். சங்கிலி சுற்ற வேண்டியதில்லை, அதனால் ஓரமும் அடிபடாது. குழி எடைமையத்துக்கு நேராக இல்லாவிட்டால் கல் சாய்ந்து இறங்கும். முதலில் தொடும் மூலை உடையும். டெரிக் கிரேனில் பிளாக் இறக்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்ததுதான்.

அந்தக் காலத்துக் கல்வேலையில் மிகப் பெரிய திருட்டுத்தனம் ஒன்று உண்டு. கல்லின் படுக்கை முகத்தை நடுவில் குழித்துவிடுவது. அப்படிக் குழித்தால் ஓரம் மட்டும் அடுத்த கல்லோடு ஒட்டி உட்காரும். வெளியிலிருந்து பார்க்க நூல் பிடித்த மாதிரி மெல்லிய இணைப்பு, மேற்பார்வையாளர் கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சுமை முழுக்க ஓரத்து இரண்டு அங்குலத்தில் இறங்கி, சில வருடத்தில் இணைப்பை ஒட்டிய விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இதற்குச் சோதனை சுலபம். மட்டப்பலகையின் விளிம்பில் காவியைக் குழைத்துத் தடவி, படுக்கை முகத்தில் எல்லாத் திசையிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். மேட்டில் மட்டும் காவி ஒட்டும். ஓரம் சிவந்து நடு வெள்ளையாகவே இருந்தால் அந்தக் கல் திரும்பக் கொத்துக்குப் போக வேண்டும்.

சென்னைத் தூண் எழுந்த அதே வருடங்களில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஸ்கெரிவோர் பாறைமேல் இன்னொரு கல் கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. அதுவும் 1838-ல் ஆரம்பம், 1844 பிப்ரவரி 1-ல் விளக்கேற்றம். கட்டியவர் ஆலன் ஸ்டீவன்சன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே தொழில் என்றே தோன்றாது. ஸ்கெரிவோர் அடியில் 42 அடி விட்டம், உச்சியில் 16 அடி; கல்வேலை மட்டும் 138 அடிக்கு மேல். கீழ் 26 அடி முழுக்கக் கெட்டிக் கல், உள்ளே அறையே கிடையாது. மொத்தம் 58,580 கன அடி, எடை 4,308 டன். நம் கணக்கில் 25 டன் ஏற்றும் லாரிக்கு ஏறக்குறைய 175 நடை. அடி வரிசைகளுக்குப் பக்கத்துத் தீவின் ஹைனிஷ் கல்லை எடுத்தார்கள். அது நைஸ் (gneiss) என்ற பட்டைப் பாறை, நம் ஊர்ச் சாம்பல் கல்லின் இனம். கொத்துவதற்குள் போதும் போதும் என்றாகி, மேலே முழுக்க மல் தீவின் கிரானைட்டுக்கு மாறிவிட்டார்கள். ஆட்கள் தங்குவதற்காக 1838-ல் பாறைமேல் போட்ட மரக்கொட்டகையை அந்த நவம்பர்ப் புயலே கொண்டுபோய்விட்டது.

அடி ஏன் அவ்வளவு பருமன்? அலைதான் காரணம். ஆலனின் தம்பி தாமஸ் ஸ்டீவன்சன், அலை மோதும் விசையை அளக்க வில்சுருள் வைத்த கருவி ஒன்றைச் செய்து ஸ்கெரிவோர் பாறையில் பொருத்தினார். 1845 மார்ச் 29-ல் அது காட்டிய அளவு சதுர அடிக்கு 6,083 பவுண்டு. சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 30 டன். சென்னைத் தூணுக்கு இந்தக் கவலை இல்லை, அது கரைமேல் நிற்கிறது. புயல் மணிக்கு 200 கிலோமீட்டரில் அடித்தாலும் உருண்டைத் தூண்மேல் விழும் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 130 கிலோ பக்கம்தான். அலையோடு ஒப்பிட்டால் இருநூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

30 மீட்டர் உயரம், 4 மீட்டர் விட்டம், 1 மீட்டர் சுவர் உள்ள ஒரு கல்தூணை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். எடை 760 டன். மேற்சொன்ன காற்று அதைத் தள்ளும் மொத்த விசை 15, 16 டன், அது நடு உயரமான 15 மீட்டரில் வேலை செய்கிறது. கவிழ்க்கும் திருப்பம் ஏறக்குறைய 235 டன்-மீட்டர். எடை அதை எதிர்த்து நிற்பது 1,500 டன்-மீட்டருக்கு மேல். சுமைக்கோடு மையத்திலிருந்து 31 சென்டிமீட்டர் விலகும்; 62 சென்டிமீட்டர் வரை விலகினாலும் எந்த இணைப்பும் வாய் திறக்காது. ஆகவே கரைமேல் நிற்கும் கோபுரம் ஒல்லியாக, ஒரு கிரேக்கத் தூண் மாதிரி அலங்காரமாக நிற்கலாம். நடுக்கடலில் நிற்பதற்கு அந்தச் சொகுசு கிடையாது.

கரைக்கோபுரத்தின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. 30 மீட்டர் கல் அடியில் இறக்கும் சுமை சதுர மீட்டருக்கு 81 டன். நல்ல கல் 10,000 டன்னுக்கும் மேல் தாங்கும், அதனால் கல் நசுங்கும் என்ற பேச்சே இல்லை. கடற்கரை மணல் தாங்குவது 10 முதல் 25 டன் வரைதான். மேலே எவ்வளவு கெட்டிக் கல் வைத்தாலும் கீழே பீடத்தை அகலப்படுத்திச் சுமையைப் பரப்பாவிட்டால் தூண் இறங்கும். ஒரே சீராக இறங்கினால் பிழைத்தோம். ஒரு பக்கம் ஒரு அங்குலம் கூட இறங்கினால் உச்சி பல அங்குலம் சாயும். சென்னையில் மணலில் கட்டிட அஸ்திவாரத்துக்குச் செங்கல் கிணறுகளை இறக்கி நிரப்புவது பழைய வழக்கம். நம் ஊரில் நாலடி தோண்டினால் கடப்பாரை பாறையில் முட்டும், அதனால் இந்த விஷயம் நமக்குச் சட்டென்று உறைக்காது.

சுண்ணாம்புக்கு வருவோம். எனக்கு இந்தத் தூணில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். தூணைத் திட்டமிட்டவர் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையின் கேப்டன் ஜே.டி. ஸ்மித். வேலை ஆரம்பிப்பதற்கு ஒரு வருடம் முன்னால், 1837-ல், காரையும் சிமெண்டும் பற்றி லூயி விக்கா பிரெஞ்சில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இதே ஸ்மித்தான். சிவில் டிப்ளமோ படிக்கிற பசங்க லேபில் சிமெண்டு இறுகும் நேரம் பார்க்க விகாட் ஊசியை இறக்குகிறார்களே, அந்த விகாட்தான் இந்த விக்கா. அவர் கண்டுபிடித்துச் சொன்னதன் சாரம் இது: சுத்தமான சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமிலவாயுவைப் பிடித்துத்தான் இறுகும், களிமண் கலந்து வெந்த சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்தே இறுகும். களிமண் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் தண்ணீருக்கடியில் வைத்தாலும் இரண்டு நாலு நாளில் பிடித்துக்கொள்ளும். குறையக் குறைய ஒரு வாரம், மூன்று வாரம் என்று தள்ளிப்போகும்.

சென்னைக் கடற்கரையில் கைக்கு எட்டியது கிளிஞ்சல் சுண்ணாம்பு. பாலைப் போல வெள்ளை, பூச்சுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது சுத்தச் சுண்ணாம்பு. மூன்று அடிச் சுவரின் நடுவில் அதை வைத்தால் காற்று எட்டாது. வெளி விளிம்பு ஓடாக இறுகியிருக்கும், உள்ளே வருடக்கணக்கில் வெண்ணெய் மாதிரியே கிடக்கும். அதைச் சரிக்கட்டத்தான் சுர்க்கி என்ற செங்கல் தூளைச் சேர்ப்பது. வெந்த களிமண் உள்ளே போனதும் சுண்ணாம்பு காற்றுக்காகக் காத்திருக்காது. செங்கல் சரியாக வெந்திருக்க வேண்டும். கருகிக் கட்டி தட்டினதை இடித்துப் போட்டால் வெறும் மணலுக்குச் சமம். நம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கிடக்கும் சுக்கான் கல்லிலோ களிமண் இயற்கையாகவே கலந்திருக்கிறது. அதைச் சுட்டால் வரும் சுண்ணாம்பு அழுக்கு நிறம்தான், கல்யாண வீட்டுக்கு அடிக்க ஆகாது. கனத்த சுவருக்குள் போட அதுதான் மேல். பழைய ஆட்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்தது காரையை வழவழப்பாக்கி, சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் காத்தது. கடல் மணலை மட்டும் கழுவாமல் போடக் கூடாது. உள்ளே தங்கும் உப்பு மழைக்காலம்தோறும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும்.

கல்லையும் கல்லையும் இரும்புக் கொக்கி போட்டுப் பிணைப்பது அக்காலத்தில் பரவலான பழக்கம். உப்புக் காற்றில் இரும்பு துரு ஏறி ஊதிப் பெருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். அதனால் ஈயத்தை உருக்கி ஊற்றிக் கொக்கியை மூடுவார்கள், வசதி இருந்தால் செம்பு வைப்பார்கள். ஜான் ஸ்மீட்டன் 1759-ல் முடித்த இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரைக் கோபுரத்தில் கல்லையே புறாவால் வடிவில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, சலவைக்கல் முளைகளும் ஓக் மர ஆணிகளும் வைத்தார். கடைசியில் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது நின்ற பாறைதான் அலையில் அரித்துப்போனது. ஆலன் ஸ்டீவன்சன் ஸ்கெரிவோரில் அந்த மாட்டல் வேலையைச் செய்யவில்லை. எடையே கட்டிப்பிடிக்கும் என்று விட்டுவிட்டார். கொத்துக் கூலியை நினைத்தால் அவர் செய்தது சரி.

உள்ளே சுழல்படி. கல் கோபுரங்களில் படியின் ஒரு முனை சுவருக்குள் புதைந்திருக்கும், மறுமுனை அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு படியும் கீழ்ப்படியின் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது, சுவர் அது முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது, சுமை படிப்படியாகத் தரைக்கு இறங்குகிறது. நடுவில் ஒரு படி உடைந்தால் அதற்கு மேலே உள்ள எல்லாவற்றுக்கும் முட்டுக்கொடுத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

உயரத்தைப் பற்றி ஒரு கணக்கு. அடிக்கணக்கில் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.17-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கடல் மைல் என்று வரும். 100 அடியில் விளக்கு இருந்தால் 11.7 கடல் மைல். கப்பலில் 25 அடி உயரத்தில் நிற்பவரின் பங்கு 5.85. இரண்டையும் கூட்டினால் 17.5 கடல் மைல், அதாவது 32 கிலோமீட்டர் தள்ளியே வெளிச்சம் கண்ணில் படும். விளக்குக்கான தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும், 400 அடி. கல்லிலும் கூலியிலும் அது கட்டுப்படியாகாது. அதனால்தான் குன்று கிடைத்த இடத்தில் குன்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மாமல்லபுரத்தில் 1887-ல் பாறைமேல் இருக்கும் பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் கூரையிலேயே விளக்கை வைத்தார்கள். பக்கத்தில் வட்டக் கல் கோபுரம் எழுந்து முழுதாக வேலைக்கு வந்தது 1904-ல். பாறை ஏற்கெனவே உயரம் கொடுத்துவிட்டதால் அந்தக் கோபுரம் குட்டையாகவே போதும், அஸ்திவாரச் செலவும் மிச்சம்.

விளக்கறைக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறோம். ஆரம்பத்தில் வெள்ளி பூசிய செம்புக் குழியாடிகளுக்கு முன்னால் விளக்கை வைத்தார்கள். வெள்ளியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார்கள், செம்பு வெளியே வந்ததும் வெளிச்சம் மங்கும். 1823-ல் பிரான்சின் கோர்துவான் கோபுரத்தில் இயற்பியலாளர் ஃபிரெனெல் தன் கண்ணாடி வில்லையை ஏற்றிய பிறகு கதை மாறியது. முழு வில்லையாகச் செய்தால் டன் கணக்கில் கண்ணாடி பிடிக்கும் என்பதால், வளைவை மட்டும் வளையம் வளையமாக வெட்டி வைத்தார். நடுப் பகுதி ஒளியை வளைக்கும். மேலும் கீழும் உள்ள பட்டகங்கள் உள்ளுக்குள்ளேயே பிரதிபலித்து ஒளியை அடிவானத்துக்குத் திருப்பும். முதல் தர வில்லையின் குவியத் தூரம் 920 மில்லிமீட்டர், உள்ளே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். மூன்றாம் தரம் 500, ஆறாம் தரம் 150.

சுழலும் வில்லையைக் கடிகார இயந்திரம் ஓட்டும். கோபுரத்தின் நடுவில் கயிற்றில் தொங்கும் எடை இறங்க இறங்க வில்லை சுழலும். ராத்திரி முழுக்க ஆள் விழித்திருந்து எடையைச் சுற்றி ஏற்ற வேண்டும். 1890-களில் வில்லையைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டபோது, டன் கணக்கான கண்ணாடி ஒரு விரல் தள்ளினால் திரும்பியது. பாதரச ஆவியை அந்த அடைத்த அறைக்குள் மூச்சாக இழுத்தவர்கள் விளக்குக்காரர்கள். பகலில் விளக்கறைக்குத் திரை கட்டியே தீர வேண்டும். வில்லை ஒளியை வெளியே அனுப்புவது போலவே வெயிலை உள்ளே குவிக்கவும் செய்யும். விளக்கும் எண்ணெயும் இருக்கும் இடத்தில் அந்தச் சூடு போய் விழும். பட்டகத்தைப் பித்தளைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் மக்கு காய்ந்து உதிர்வதும் வழக்கமான பழுதுதான். ஒரு பட்டகம் ஒரு மயிரிழை சாய்ந்தால் அதன் பங்கு ஒளி கடலுக்குப் போகாமல் வானத்துக்குப் போகும்.

1892-ல் உயர் நீதிமன்றக் கட்டிடம் சென்னைத் தூணின் பக்கத்திலேயே, அதைவிட உயரமாக எழுந்தது. 1894 ஜூன் 1 முதல் விளக்கு அதன் உயரமான குவிமாடத்துக்குப் போய்விட்டது, 1977-ல் மெரினாவின் முக்கோணக் கோபுரம் வரும்வரை அங்கேயே இருந்தது. அது கான்கிரீட், லிஃப்ட் வைத்தது. கல் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

பழைய கல் கோபுரங்களுக்கு இன்று நடக்கும் பெரிய கெடுதல் சிமெண்டு. இணைப்பில் காரை உதிர்ந்திருப்பதைப் பார்த்ததும் சிமெண்டுச் சாந்தைப் பூசி நீவிவிடுகிறார்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே வந்த உப்புத் தண்ணீர் கல்லின் விளிம்பு வழியாக வெளியேறப் பார்த்து, அங்கேயே படிகமாகி, விளிம்பை உதிர்க்கும். சரியான வேலை என்றால் பழைய காரையைக் கையால், இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்து அறுக்கக் கூடாது, கல் விளிம்பைத் தின்றுவிடும். தூசியைக் கழுவி, கல்லை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு கழுவிய மணலும் கொஞ்சம் சுர்க்கியும் சேர்த்த காரையை அழுத்தி அடைக்க வேண்டும். ஒரு வாரமாவது ஈரச் சாக்குத் தொங்கவிட்டு வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்குனி சித்திரையில் இந்த வேலையை எடுக்கவே கூடாது.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் மாமல்லபுரம்தான் வசதி, டிக்கெட் எடுத்து மேலே ஏறலாம். ஏறுவதற்கு முன் சுவரைக் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இணைப்பை ஒட்டிச் சில்லுப் பெயர்ந்திருந்தால் படுக்கை குழித்த கல் என்று சந்தேகிக்கலாம். சாம்பல் நிறத்தில் கல்லைவிடப் பளபளப்பாக ஒரு பூச்சு தெரிந்தால் அது சிமெண்டு. மழை விட்ட மறுநாள் போனால் ஹேர்லைன்கள் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். சுற்றியுள்ள பாறைகளில் வரிசையாக ஆப்புக்குழிகள் இருக்கின்றன; பிளக்காமல் பாதியில் விட்ட வரிசைகளில் கடைசிக் குழியின் ஆழத்தையும் முதல் குழியின் ஆழத்தையும் விரல் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.